எண்ணிக்கையை மட்டும் சொல்லும் கல்

பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தம் ஊரின் பழைய சாவடிச் சுவரில் ஒரு வெள்ளைச் சலவைக்கல் பதிந்திருப்பதாக ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். "இந்தக் கிராமத்திலிருந்து 1914–1919 மாபெரும் போருக்கு 19 பேர் சென்றனர், அவர்களுள் 3 பேர் தம் உயிரை ஈந்தனர்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் நான்கு வரிகள் மட்டுமே அதில் உள்ளனவாம். சாவடியை இடித்துவிட்டுப் புதிய கட்டடம் எழுப்ப ஊராட்சியில் பேச்சு நடக்கிறது. அதே இடத்தில், பிற்காலத்தில் இறந்த இரண்டு படைவீரர்களையும் சேர்த்துப் புதிய நினைவுச்சின்னம் அமைக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். அந்த மூவர் யார், அவர்களுடைய பெயர்களைக் கண்டுபிடிக்க வழி உண்டா, பழைய கல்லை என்ன செய்வது என்று அவர் கேட்கிறார்.

பெயர்களைத் தேட வழி உண்டு. மூவரில் ஒருவரையாவது கண்டடைய முடியும் என்று நம்பித் தொடங்கலாம். பழைய கல்லை எக்காரணம் கொண்டும் உடைக்கவோ இடிபாடுகளோடு வெளியே கொட்டவோ விடாதீர்கள். புதிய கல்லைப் பெயர்கள் கிடைக்கும் முன்பே திறப்பு விழாத் தேதி குறித்துச் செதுக்க வேண்டாம். இவற்றுக்கான காரணங்களையும் வழிகளையும் விரிவாகவே எழுதுகிறேன். நான் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவில் 24 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் ஊரும் திருத்தணிப் பகுதிதான். எங்கள் ஊர்க் கல்லிலும் எண்ணிக்கைதான் இருந்தது. அந்த எண்ணிக்கைக்குள் என் பாட்டியின் அண்ணன் ஒருவர் இருந்தார் என்பதை நான் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகே அறிந்தேன்.

முதலில் அந்தக் கல் என்ன என்பதைப் பார்ப்போம். முதல் உலகப் போர் முடிந்த பின், ஆட்கள் சென்ற ஊர்களில் இத்தகைய கற்களை அன்றைய ஆங்கிலேய அரசு இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் பதித்தது. வாசகம் எல்லா இடங்களிலும் ஏறத்தாழ ஒன்றே. ஊருக்கு ஊர் மாறுபவை இரண்டு எண்கள் மட்டுமே. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் உள்ள கல்லைப் பார்த்தால் இது புரியும். 277 பேர் சென்றனர், 14 பேர் உயிர் துறந்தனர் என்று சொல்லும் அந்தக் கல், அவ்வளவு பெரிய வேலூரையே "இந்தக் கிராமம்" என்று குறிப்பிடுகிறது. போர் 1918 நவம்பர் 11 அன்று ஓய்ந்தபோதிலும், வெர்சாய் உடன்படிக்கை 1919 ஜூன் 28 அன்றுதான் கையெழுத்தானது என்பதால் பல கற்களில் 1919 என்று காணப்படுகிறது. உங்கள் ஊர்க் கல்லில் உள்ள ஆண்டு பிழையன்று. மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அன்றைய நிர்வாகத்தில் கிராமம் என்றால் வருவாய்க் கிராமம். அதற்குள் ஐந்தாறு குக்கிராமங்கள் அடங்கியிருக்கலாம். அந்த 19 பேரையும் சாவடியைச் சுற்றியுள்ள தெருக்களில் மட்டும் தேடாமல், பழைய வருவாய்க் கிராமத்துக்குள் அடங்கியிருந்த எல்லாக் குடியிருப்புகளிலும், அவற்றுள் ஒன்றிரண்டு இப்போது வேறு ஊராட்சியில் இருந்தாலும், தேட வேண்டும்.

ஓர் ஊர் தன் வீரனை நினைக்கும் முறை நமக்குப் புதியதன்று. செங்கம் வட்டாரத்திலும் தருமபுரிப் பக்கமும் வயல் வரப்புகளில் நிற்கும் பல்லவர் கால நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்ன ஊரில் மாடு கவர வந்தவர்களோடு போரிட்டுப் பட்டான் இன்னாருடைய சேவகன் இன்னான் என்று வட்டெழுத்தில் வெட்டி, வில்லும் வாளுமாக அவன் உருவத்தையும் செதுக்கியிருப்பார்கள். கால்நடையை மீட்கப் போய் மாண்ட ஒரு காவலாளுக்குக்கூடப் பெயரும் பீடும் எழுதிய நிலம் இது. அதே நிலத்தில், கடல் கடந்து சென்று மாண்டவர்களுக்கு நட்ட கல்லில் பெயர் இல்லை. கல்லின் மொழியும் தமிழோ தெலுங்கோ அன்று. மகனை இழந்த தாய் அந்தக் கல்லின் முன் நின்றாலும் அதில் தன் மகன் இருக்கிறானா என்று அறிய அவளுக்கு வழியில்லை. உங்கள் ஊராட்சி புதிய நினைவுச்சின்னம் அமைக்குமானால், நூறாண்டுக்கு முன் விடுபட்ட அந்தப் பெயர்களை எழுதுவதுதான் அதன் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி, சென்றவர்கள் யார் என்பது. முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். 74,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பஞ்சாபோடு ஒப்பிட்டால் சென்னை மாகாணத்தின் பங்கு சிறியது என்றாலும், பழைய வட ஆற்காடும் சித்தூரும் அந்தப் பங்கில் முன்னணியில் நின்றவை. ராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்ற கம்மவான்பேட்டை வேலூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நம் பகுதி ஆட்கள் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் பிரிவிலும், 61, 64, 81 ஆகிய எண்களைக் கொண்ட பயோனியர் பட்டாளங்களிலும், கர்நாடிக் காலாட்படைகளிலும் சேர்ந்தார்கள். பாலம் கட்டுவது, பாதை போடுவது, பதுங்குகுழி வெட்டுவது, முள்வேலி அறுப்பது ஆகியவை சாப்பர்களின் வேலை. அவர்களை இன்றைக்கும் பட்டாளம் முழுவதும் "தம்பி" என்றே அழைக்கும். பஞ்சாபி அதிகாரியின் வாயிலும் அந்தச் சொல் தமிழாகவே வரும்.

துப்பாக்கி ஏந்தியவர்கள் மட்டும் அந்த 19 பேரில் இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கோவேறு கழுதை ஓட்டியவர், தண்ணீர் சுமந்தவர், சமைத்தவர், துப்புரவு செய்தவர், காயம்பட்டவரைத் தூக்கிச் சென்றவர், தொழிலாளர் படையில் மண் வெட்டியவர் எனப் பல்லாயிரம் பேர் பட்டாளத்தோடு சென்று அங்கேயே மடிந்தார்கள். பதிவேடுகளில் இவர்கள் 'ஃபாலோயர்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்குகிறார்கள்.

சொல்லத் தயங்கக் கூடாத ஒன்றும் உண்டு. சாப்பர்ஸிலும் பயோனியர்களிலும் ஆதிதிராவிட மக்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தார்கள். ஊரில் கிடைக்காத மரியாதையும் மாதச் சம்பளமும் அங்கே அவர்களுக்குக் கிடைத்தன. கல்லோ ஊர்ச் சாவடியில் பதிக்கப்பட்டது. அந்தச் சாவடித் திண்ணையில் ஏற, இறந்தவரின் தந்தைக்கு உரிமை இருந்திருக்குமா என்பது ஐயமே. ஆகவே உங்கள் தேடல் குழுவில் ஊர்த்தெருக்காரர்களும் காலனிக்காரர்களும், ஊரில் முஸ்லிம் குடும்பங்கள் இருந்தால் அவர்களும், தொடக்க நாளிலிருந்தே இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் கண்டுபிடிக்கும் பட்டியல் பாதிப் பட்டியலாகவே இருக்கும்.

இறந்தவர்கள் எங்கே இறந்தார்கள்? பெரும்பாலும் இன்றைய ஈராக்கில், அதாவது அன்றைய மெசபடோமியாவில். அடுத்தபடியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் எகிப்திலும் பிரான்சிலும். 1914 நவம்பரில் இன்றைய தான்சானியாவின் டாங்கா துறைமுகத்தில் நடந்து தோல்வியில் முடிந்த தரையிறக்கத்தில் 61ஆம் பயோனியர்களும் 63ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படையும் இருந்தன. மெசபடோமியாவின் குத் நகரில் இந்தியப் படையினர் சிக்கிய முற்றுகை 1915 டிசம்பர் 7 தொடங்கி 1916 ஏப்ரல் 29 வரை நீடித்தது. குண்டுபட்டு இறந்தவர்களோடு காலராவிலும் காய்ச்சலிலும் வெப்பத்திலும் மடிந்தவர்களும் பல்லாயிரம் பேர்.

அவர்களைப் பதிவு செய்யும் பொறுப்பு, 1917 மே 21 அன்று அரச சாசனத்தின் மூலம் தொடங்கப்பட்ட அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். இறந்த ஒவ்வொருவரும் கல்லறைக் கல்லிலோ நினைவுச்சின்னத்திலோ பெயரால் நினைவுகூரப்பட வேண்டும், பதவியாலோ இனத்தாலோ மதத்தாலோ வேறுபாடு காட்டக் கூடாது என்பவை அதன் அடிப்படைக் கொள்கைகள். ஐரோப்பாவில் அந்தக் கொள்கை பெரிதும் காப்பாற்றப்பட்டது. பிரான்சில் நவ் ஷப்பல் என்ற ஊரில் 1927இல் திறக்கப்பட்ட இந்திய நினைவகத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஈராக்கின் பஸ்ராவில் அப்படி நடக்கவில்லை. 40,000க்கும் மேற்பட்டோருக்கு எழுப்பிய அந்த நினைவகத்தில் ஆங்கிலேயர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் வெட்டப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் அவரவர் பட்டாளத்தின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்று எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டார்கள். இந்த வேறுபாட்டை அந்த ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேரும், ஒருவேளை 3,50,000 பேர் வரையும், பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. உங்கள் ஊரின் மூவர் மெசபடோமியாவில் இறந்திருந்தால், பிறந்த ஊரில் ஒரு முறையும் இறந்த ஊரில் ஒரு முறையும் வெறும் எண்ணாகவே எழுதப்பட்டிருப்பார்கள்.

கல்லில் இல்லாத பெயர்கள் பல பதிவேடுகளில் இருக்கின்றன என்பதுதான் நமக்குள்ள வாய்ப்பு. அந்த ஆணையத்தின் இணையப் பட்டியலில் யாரும் கட்டணமின்றித் தேடலாம். ஆனால் பெயரை வைத்துத் தேடத் தொடங்கினால் களைத்துப் போவீர்கள். முனுசாமி, சின்னசாமி, அப்துல் என்று நூற்றுக்கணக்கில் வரும். கூடுதல் தகவல் என்றொரு பகுதி அங்கே உண்டு. இன்னாருடைய மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா, இன்ன மாவட்டம் என்பதை அதில்தான் எழுதியிருப்பார்கள். அந்தப் பகுதியில் ஊரின் பெயரை வைத்துத் தேடுங்கள். ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டலை ஒரே வடிவில் நம்பி இருக்கக் கூடாது. ஆள் சேர்த்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். இரட்டித்த மெய் ஒற்றையாகும், ழகரம் லகரமாகும், 'பட்டு' என்று முடியும் பெயர் 'பட்' என்று நிற்கும். தமிழில் ஒரு பெயரும் தெலுங்கில் ஒரு பெயருமாக வழங்கும் ஊர் என்றால் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வடிவங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருவது நல்லது.

இதைவிடப் பெரிய இடறல் மாவட்டத்தின் பெயர். நம் பகுதிக்காரர்கள் பலர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். திருவள்ளூர் என்று தேடினால் ஒன்றும் வராது, ஏனெனில் அப்படி ஒரு மாவட்டம் 1997 வரை இல்லை. செங்கல்பட்டு என்று தேடினாலும் வராது. 1911 ஏப்ரல் 1 வரை திருத்தணிப் பகுதி வட ஆற்காட்டில் இருந்தது. அன்று சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1 அன்று சித்தூரோடு சேர்ந்து ஆந்திர மாநிலத்துக்குப் போனது. ம.பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும், எல்லைத் தகராறைத் தீர்க்க அமர்த்தப்பட்ட படாஸ்கரின் பரிந்துரைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துக்குத் திரும்பிச் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. ஆகவே 1914க்கும் 1919க்கும் இடையில் பட்டாளத்தில் சேர்ந்த உங்கள் ஊர்க்காரரின் முகவரியில் சித்தூர் மாவட்டம் என்று இருக்கும். 1911க்கு முன்பே சேர்ந்திருந்தால் வட ஆற்காடு என்று இருக்கக்கூடும். இரண்டாம் உலகப் போரில் இறந்தவராக இருந்தாலும் சித்தூர்தான். நகரி, புத்தூர்ப் பக்கம் வாழும் தமிழர்களுக்கு இந்தக் குழப்பம் சற்றுக் குறைவு. ஆனால் 2022 ஏப்ரலில் சித்தூர் பிரிக்கப்பட்டுத் திருப்பதி மாவட்டம் உருவானதால் அங்கும் இன்றைய முகவரியும் பழைய முகவரியும் ஒத்துப்போவதில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டத்து ஊர்கள் எல்லாம் வட ஆற்காடு என்ற பெயரில் இருக்கும். அங்கும் திருப்பத்தூர் வட்டம் மட்டும் 1911க்கு முன் சேலத்தில் இருந்தது.

இணையத்தில் தேடுவதற்கு இணையாக வீடுவீடாகத் தேட வேண்டும். பட்டாளத்தார் வீடு, சுபேதார் வீடு என்று இன்றும் ஊரில் வழங்கும் வீட்டுப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள். கர்ணம், முன்சீப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டாலும், அந்தக் குடும்பங்கள் சிலவற்றில் பழைய காகிதங்கள் இன்னும் பெட்டியில் கிடக்கின்றன. முன்னாள் படைவீரருக்கு ஒப்படை செய்த நிலம் ஊரில் இருந்தால், வருவாய்ப் பதிவேட்டில் பெயர் இருக்கும். வயதானவர்களிடம் "உங்கள் வீட்டில் போரில் இறந்தவர் உண்டா" என்று கேட்பதைவிட, "பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்களுக்குப் படையல் போடுவதுண்டா" என்று கேளுங்கள். உடல் வராத சாவுக்கு ஈமக்கடன் எப்படிச் செய்வது என்று திகைத்த குடும்பங்கள், தை அமாவாசை அன்றோ பொங்கலுக்கு மறுநாளோ ஒரு வேட்டியை வைத்துப் படைத்து வந்திருக்கின்றன. யாருக்காக என்பது பேரப்பிள்ளைகளுக்கு மறந்திருந்தாலும் வேட்டி வைக்கும் வழக்கம் மறக்கவில்லை.

எங்கள் வீட்டில் அப்படித்தான் தெரிந்தது. பூசையறையில் குத்துவிளக்கின் அடியில் ஒரு வெண்கலத் தட்டு இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்துப்போய், சாமித் தட்டு என்று அம்மா சொல்லும் பொருளாக அது இருந்தது. ஓய்வு பெற்று வந்த ஆண்டு, வெள்ளையடிப்பதற்காக அறையைக் காலி செய்தபோது புளி போட்டுத் துலக்கினார்கள். ஒரு பெண் மலர்வளையம் ஏந்தி நிற்க, அருகே ஒரு சிங்கம், மேலே இரண்டு டால்பின்கள், ஓரத்தில் ஆங்கில எழுத்துகள். வலப்பக்கச் சட்டத்துக்குள் ஒரு தமிழ்ப் பெயர். முதல் உலகப் போரில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் அனுப்பப்பட்ட நினைவுத் தகடு அது. குறுக்களவு ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். அதில் பதவியைப் பொறிக்கவில்லை, இறந்தவர் எல்லோரும் சமம் என்பதற்காக. அந்த நல்லெண்ணமே தேடுபவருக்கு இடையூறு, ஏனெனில் பெயரைத் தவிர எண்ணோ பட்டாளமோ அதில் இருக்காது. ஆண்டுக்கணக்கில் அதன் மீது விளக்கேற்றி வந்தவர்களில் ஒருவருக்கும் அது தம் குடும்பத்துப் பிள்ளையின் பெயர் என்று தெரிந்திருக்கவில்லை. அன்று நான் அந்தப் பெயரை உரக்கப் படித்தபோது, பாட்டி தன் அண்ணனைச் சொல்லும் பெயர் அல்லவா இது என்று அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தகடு தராத தகவலைப் பதக்கம் தந்தது. அந்தப் போருக்கான இரண்டு பதக்கங்களில் வெள்ளிப் பதக்கத்தை ஏதோ ஒரு பஞ்ச காலத்தில் தட்டாரிடம் விற்றுவிட்டார்கள். வெண்கலத்தாலான வெற்றிப் பதக்கம் விலை போகாததால் தானியக் குதிருக்குப் பின்னால் ஒரு டப்பாவில் தங்கிவிட்டது. பதக்கத்தின் முகப்பைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். அங்கே படை எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை மிகச் சிறிய எழுத்துகளில் அழுத்தப்பட்டிருக்கும். தொழிலாளர் படையினருக்கும் ஃபாலோயர்களுக்கும் வெள்ளிப் பதக்கத்துக்குப் பதிலாக அதே வடிவில் வெண்கலப் பதக்கம் கொடுத்தார்கள். ஆகவே வெண்கலம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். விளிம்பிலிருந்த எண்ணை வைத்துத் தேடியபோது, பாட்டியின் அண்ணன் சாப்பர் என்ற பதவியில், பஸ்ரா நினைவகத்தின் பட்டியலில், தந்தை பெயரோடும் ஊர்ப் பெயரோடும் இருந்தார். ஊரின் பெயரில் இரண்டு எழுத்துகள் பிழை. நான் பணியாற்றிய அதே படைப்பிரிவில் அவர் எனக்கு 60 ஆண்டுகளுக்கு முன் இருந்திருக்கிறார் என்பது 24 ஆண்டுகள் எனக்குத் தெரியவில்லை. என் பெங்களூர் நாட்களை நினைக்கும்போதெல்லாம் அது இன்றும் நெஞ்சை அடைக்கிறது.

தேடும்போது தேதிகளில் கவனம் வேண்டும். போர் 1918இல் முடிந்துவிட்டதே என்று அதற்குப் பிந்திய மரணங்களை விட்டுவிடாதீர்கள். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையிலும், இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலும் பணியில் இருந்தபடி இறந்தவர்களை ஆணையம் கணக்கில் கொள்கிறது. 1918இன் விஷக்காய்ச்சலில் முகாமில் இறந்தவரும் அதில் வருவார். 1919இன் ஆப்கானியப் போரிலும் வடமேற்கு எல்லையிலும் இறந்தவர்களை டெல்லி இந்தியா கேட் பட்டியலில் காணலாம். 1931இல் திறக்கப்பட்ட அந்த வாயிலில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. உங்களிடம் வீட்டு ஆதாரம் உறுதியாக இருந்து, ஆணையத்தின் பட்டியலில் பெயர் இல்லை என்றால், பணிக்கும் மரணத்துக்கும் சான்றுகளை இணைத்து அவர்களுக்கே எழுதலாம். விடுபட்ட பெயர்களைச் சேர்க்கிறார்கள். பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் ஒருவரை உங்கள் ஊர்க்காரராக ஏற்றுக்கொள்ளாதீர்கள். தந்தை பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்த வேண்டும், அல்லது எண்ணும் பிரிவும் பொருந்த வேண்டும். பக்கத்து ஊர்த் தாயின் மகனை நம் கல்லில் எழுதிவிடும் பிழை, பெயர் எழுதாத பிழையைவிடச் சிறியதன்று.

இரண்டாம் உலகப் போரையும் தேடிப் பாருங்கள். உங்கள் கல் அதற்கு முந்தியது என்பதால் அந்தப் போரில் இறந்தவர்கள் ஊரில் எங்குமே குறிக்கப்படாமல் இருக்கலாம். இந்தியாவிலிருந்து 25 லட்சம் பேர் பணியாற்றி 87,000க்கும் மேற்பட்டோர் இறந்த போர் அது. நம் பகுதி ஆட்களைச் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்திலும், பர்மாவின் டாக்கியானில் உள்ள ரங்கூன் நினைவகத்திலும் முதலில் தேடுங்கள். வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தன் உடலைப் போட்டு உடனிருந்தோரைக் காத்து, 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோவில் இறந்து பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் பெற்ற சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்ற மதராஸ் சாப்பர். அவருடைய பெயர்கூட நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

நீங்கள் குறிப்பிட்ட பிற்கால வீரர்கள் இருவரில் ஒருவர் 1971 போரிலும் மற்றவர் இலங்கைக்குச் சென்ற அமைதிப்படையிலும் இறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட டெல்லி தேசியப் போர் நினைவகத்தில், விடுதலைக்குப் பின் இறந்த 25,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் தியாகச் சக்கரம் என்ற வட்டச் சுவர்களில் ஆளுக்கொரு கல்லாகப் பதிக்கப்பட்டுள்ளன. அந்த இருவரின் பெயர்களையும் அங்கே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அமைதிப்படையினருக்குக் கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையிலும் பெயர் பொறித்த நினைவகம் உண்டு. படை எண், பிரிவு, இறந்த தேதி ஆகியவற்றைச் சரியாகப் பெற மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக எழுதுவதே முறை. அவர்களுடைய மனைவியரோ பிள்ளைகளோ ஊரில் இருப்பார்கள். அவர்களிடம் முதலில் அனுமதி கேளுங்கள்.

பழைய கல்லைப் பற்றி. நூறு ஆண்டு நிறைந்த கல்வெட்டு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது என்பதை ஊராட்சிக் கூட்டத்தில் சொல்லுங்கள். வெறும் பழைய கல் என்ற பேச்சு அதோடு நின்றுவிடும். சாவடிச் சுவரில் இருக்கும் இடத்தைப் பல கோணங்களில் படமெடுத்து, அளவெடுத்துக்கொண்ட பின்பே கைவைக்க வேண்டும். எழுத்துகள் மங்கியிருந்தால், இருட்டிய பிறகு கைவிளக்கை ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். பகலில் தெரியாத எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். சுண்ணாம்பு படிந்திருந்தால் தண்ணீரும் மென்மையான தூரிகையும் மட்டும் போதும். ஆசிட் ஊற்றவே கூடாது. சலவைக்கல்லும் சுண்ணாம்பும் ஒரே குலம். ஆசிட் அழுக்கோடு எழுத்தையும் தின்றுவிடும். கம்பித் தூரிகை, உப்புத்தாள், எழுத்துகளுக்குள் தங்கநிற எனாமல் பெயின்ட் ஆகியவையும் வேண்டாம். சாவடியை இடித்தே தீர வேண்டும் என்றால், சுவரிலிருந்து கல்லைச் சுற்றியுள்ள செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து அதை விடுவிக்கக் கல் தச்சர் ஒருவரை வையுங்கள். ஜேசிபி வரும் நாளுக்கு முந்தைய நாள் செய்யும் வேலையன்று அது.

புதிய கல்லைச் சலவைக்கல்லில் செய்யாமல், நம் மலைகளில் கிடைக்கும் கருங்கல்லில், உளியால் ஆழமாக வெட்டிய எழுத்துகளில் செய்யுங்கள். பழைய கல்லை அதன் கீழேயோ பக்கத்திலோ அப்படியே பதியுங்கள். அதை மொழிபெயர்த்துத் தமிழிலும், ஊரில் தெலுங்குக் குடும்பங்கள் இருந்தால் தெலுங்கிலும் தனியே எழுதிவையுங்கள். பெயர்களைப் பதவி வரிசையில் எழுத வேண்டாம், இறந்த தேதி வரிசையில் எழுதுங்கள். சுபேதாரும் துப்புரவாளரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். பெயர், தந்தை பெயர், படை எண், பிரிவு, இறந்த நாள், இறந்த நாடு ஆகியவை போதும். சாதிப் பின்னொட்டு பதிவேட்டில் இருந்தாலும் கல்லில் வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. நன்கொடையாளர் பெயரும் திறந்து வைத்தவர் பெயரும் அந்தக் கல்லில் வரக் கூடாது. அவற்றைக் கட்டடத்தின் வேறொரு சுவரில் வைத்துக்கொள்ளலாம்.

சென்று திரும்பிய 16 பேரின் பெயர்களும் கிடைத்தால் பின்பக்கத்தில் எழுதுங்கள். பழைய கல் அவர்களையும் எண்ணியிருக்கிறது. மூவரில் இருவர் மட்டுமே கிடைத்தாலும் காத்திருக்காமல் கல்லை நடலாம். ஆனால் மூன்றாவது பெயருக்கு உரிய அகலத்தையும் உயரத்தையும் அளந்து, அந்த வரியை வழவழப்பாக இழைத்து வெறுமையாக விடும்படி கல் தச்சரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பிறகு ஏறி வெட்டும்போது மேற்பரப்பு சமமாக இருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கல்லில் இரண்டாவது வரி அப்படி ஆறு ஆண்டுகள் வெறுமையாக இருந்தது. போன மாசியில்தான், எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில் பெண் கொடுத்த ஒரு குடும்பத்தின் பரணிலிருந்து பதக்கம் ஒன்று கிடைத்து, அந்த வரியை வெட்டி முடித்தோம்.